சிறு விலங்குகளைப் பாடம் செய்தல்: உறைய வைத்து உலர்த்துவதா, தோலுரித்துச் செய்யும் பழைய முறையா?

நெய்தல் ஆசிரியர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கடலோர மாவட்டம் ஒன்றின் கலைக் கல்லூரியில் விலங்கியல் கற்பிக்கிறேன். எங்கள் துறையின் கண்ணாடி அலமாரியில் ஐம்பது அறுபது ஆண்டுகளுக்கு முன் பாடம் செய்து (அதாவது, இறந்த விலங்கைக் கெடாமல் பதப்படுத்தி) வைத்த உருவங்கள் சில உள்ளன. அவற்றுள் பாதி, காது தேய்ந்தும் வால் உதிர்ந்தும், பெயர்ச்சீட்டைப் படித்தால்தான் இன்ன விலங்கு என்று தெரியும் நிலைக்கு வந்துவிட்டன. வகுப்பறையில் விலங்குகளை அறுத்துக் கற்பிப்பது நின்றுபோன பிறகு, மாணவர்கள் ஓர் உயிரின் உருவத்தை அருகில் நின்று பார்ப்பதற்கு எஞ்சியிருப்பது அந்த அலமாரி ஒன்றுதான் என்பதால், அதைப் புதுப்பிக்க வேண்டும் என்று துறையில் முடிவு செய்தோம்.

இப்போது எங்கள் உறைபெட்டியில் இருப்பவை இவை: ஊழியர் குடியிருப்பில் முதுமையால் இறந்த வளர்ப்பு முயல் ஒன்று, எடை 1.8 கிலோ; பண்ணையில் வெயில் தாளாமல் இறந்த காடைகள் நான்கு; பொரிப்பகத்தில் பிறந்த அன்றே இறந்த கோழிக்குஞ்சுகள் இரண்டு; விலங்கு நெறிக்குழுவின் ஒப்புதலோடு பெற்ற, எந்தச் சோதனைக்கும் உட்படாத ஆய்வக வெள்ளை எலிகள் மூன்று. எல்லாமே வீட்டிலோ பண்ணையிலோ ஆய்வகத்திலோ வளர்ந்தவை. காட்டுயிர் எதுவும் இல்லை.

எங்களிடம் தோலுரித்துப் பாடம் செய்யத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் பக்கத்துக் கட்டடத்தில், உயிர்த்தொழில்நுட்பத் துறையினரிடம், மேசைமேல் வைக்கும் ஃப்ரீஸ் டிரையர் (உறைய வைத்து உலர்த்தும் இயந்திரம்) ஒன்று ஆண்டில் பாதி நாள் சும்மா இருக்கிறது. விலங்கை வேண்டிய நிலையில் நிறுத்தி, உறைய வைத்து, அந்த இயந்திரத்துக்குள் வைத்து எடுத்துவிடலாம் என்று இளைய ஆசிரியர்கள் சொல்கிறார்கள். எந்த முறை தகும் என்று அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

பேழைக்காப்பாளர் எழுதியது:

ஐயா, அருங்காட்சியகப் பாதுகாப்புப் பிரிவில் பல ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். இரண்டு முறைகளிலும் உண்மையில் என்ன நடக்கிறது என்று சொல்லிவிட்டால் உங்கள் கேள்வியில் பாதி தானே தீர்ந்துவிடும்.

பழைய முறையில், அலமாரியில் நாம் விலங்கு என்று பார்ப்பது தோலும், அதன்மேல் உள்ள மயிரும் அல்லது இறகும், கால் எலும்புகளும், சில வேளை மண்டை ஓடும் மட்டுமே. தசை, குடல், மூளை, கொழுப்பு அனைத்தும் முதல் நாளே வெளியேறிவிடுகின்றன. உள்ளே இருப்பது மரச்சீவலை நூலால் இறுக்கிச் சுற்றிய உருவாக இருக்கும். இப்போதெல்லாம் நுரைப்பொருளில் செதுக்கியதாகவும் இருக்கும். மைசூரில் 1999இல் மூடப்பட்ட வான் இங்கன் தொழிற்கூடத்தில் செய்ததுபோல் காகிதக்கூழ் அச்சாகவும் இருக்கலாம். உறைய வைத்து உலர்த்தும் முறையிலோ விலங்கு கிட்டத்தட்ட முழுதாக அங்கேயே இருக்கிறது. போனது நீர் மட்டுமே. திறந்த டப்பாவில் வைத்த கற்பூரம் உருகாமலேயே காணாமல் போவதுபோல, உடலுக்குள் உறைந்த பனிக்கட்டி திரவமாகாமல் நேரே ஆவியாகிறது. அதற்குக் காற்றழுத்தம் 6.1 மில்லிபாருக்குக் கீழே இருக்க வேண்டும். நடைமுறையில் அதைவிடவும் வெகுவாகக் குறைப்பார்கள். திரவம் என்ற நிலையே இடையில் வராததால் தசை சுருங்குவதில்லை, உதடு பின்வாங்குவதில்லை, செவிமடல் சுருள்வதில்லை. அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தார் இதை நெடுநாள் பயன்படுத்தியிருக்கிறார்கள். அங்குப் பணியாற்றிய ஹோவர் 1979இல் இதற்கென ஒரு கையேடே எழுதினார்.

இதுவரை எல்லாம் நல்ல செய்தி. இனி மற்றது. நீர்தான் ஆவியாகும், கொழுப்பு ஆகாது. இயந்திரத்திலிருந்து எடுத்த அன்று மாசுமறுவில்லாமல் இருக்கும் பறவையின் மார்பில், சில மாதங்களில் இறகுகள் மஞ்சள் படிந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பிறகு பழைய எண்ணெயின் வாடை வரும். தோலுக்கடியில் விட்டுவைத்த கொழுப்பு மெல்லக் கசிந்து வெளியேறுவதன் அடையாளம் அது. அடுத்தது புழு. அருங்காட்சியகங்களில் தோலையும் மயிரையும் தின்னும் ஒரு சிறு வண்டினம் உண்டு. அரிசி அளவே உள்ள, மயிர் போர்த்த அதன் புழுக்கள், எலும்புக்கூடு தயாரிக்கும் கூடங்களில் சதையைச் சுத்தமாகத் தின்று தீர்ப்பதற்கென்றே வளர்க்கப்படுகின்றன. நீங்கள் அலமாரியில் வைக்கப் போவது அந்தப் புழுவுக்கு உப்பில்லாத கருவாடு. பழைய முறையில் செய்த உருவத்தில் அது தின்பதற்குத் தோல் மட்டுமே கிடைக்கும். அந்தத் தோலிலும் பூச்சியை விரட்டும் வெண்காரம் (போராக்ஸ்) ஏறியிருக்கும்.

மூன்றாவது ஈரம். உலர்ந்த தசை பஞ்சுபோல் நுண்துளை நிறைந்தது. ஐப்பசி கார்த்திகையில் உங்கள் ஊர்க் காற்றில் இருக்கும் ஈரத்தை அது உறிஞ்சும். ஆகவே இயந்திரத்திலிருந்து வெளிவந்த அன்று எது அழகாக இருக்கிறது என்று பார்க்காமல், பத்தாவது மழைக்காலத்தில் எது நிற்கும் என்று பார்த்து முடிவெடுங்கள். முயலையும் காடைகளையும் தோலுரித்துச் செய்யுங்கள். குஞ்சுகளை உலர்த்துங்கள். எலிகளைப் பற்றி மற்றவர்களும் சொல்லட்டும்.

வெற்றிடக்காரன் எழுதியது:

மருந்துத் தொழிற்சாலை ஒன்றில் இதே வகை இயந்திரங்களை இயக்குபவன் என்ற முறையில் சில சொற்கள். விலங்குகளுக்கென்றே செய்யப்படும் ஃப்ரீஸ் டிரையரில் உலர்த்தும் அறையே குளிரூட்டப்பட்டிருக்கும். மைனஸ் 10 முதல் மைனஸ் 20 டிகிரி வரை வைத்து மாதக்கணக்கில் ஓட்டுவார்கள். உங்கள் கல்லூரியில் இருப்பது பெரும்பாலும் அறை வெப்பநிலையில் நிற்கும் அக்ரிலிக் கூண்டாகத்தான் இருக்கும். குளிர்வது அடியில் உள்ள ஆவி பிடிக்கும் சுருள் மட்டுமே. பனிக்கட்டி ஆவியாகும்போது தன்னைத்தானே குளிர்வித்துக்கொள்வதால் முதல் சில நாள்கள் உருகாமல் தாக்குப்பிடிக்கும். வெளிப்புறம் காய்ந்து ஆவியாகும் வேகம் குறைந்ததும் அந்தக் குளிர்ச்சியும் குறையும். வெளியிலிருந்து வரும் வெப்பம் நடுவில் எஞ்சிய பனியை உருக்கிவிடும். உருகினால் அதன்பின் நடப்பது உலர்த்தல் அன்று, அழுகல்.

பனிக்கட்டிக்கு மைனஸ் 20 டிகிரியில் ஆவியழுத்தம் ஏறத்தாழ 1 மில்லிபார். மைனஸ் 50 டிகிரியில் 0.04 மில்லிபார். இந்த வேறுபாடுதான் ஆவியை உடலிலிருந்து சுருளுக்கு இழுக்கிறது. முயலில் இருக்கும் நீர் ஒன்றேகால் லிட்டருக்குள்தான். அதைப் பிடிக்கச் சுருளுக்குக் கொள்ளளவு இருக்கும். ஆனால் காய்ந்த தசை தெர்மாகோலைப்போல வெப்பத்தை உள்ளே விடாது, ஆவியையும் எளிதில் வெளியே விடாது. அதனால் தடிமன் இருமடங்கானால் காலம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். மூன்று சென்டிமீட்டர் தடிமன் உள்ள குஞ்சு பத்து நாளில் காயும் என்று வைத்துக்கொண்டால், பன்னிரண்டு சென்டிமீட்டர் தடிமன் உள்ள முயலுக்கு நூற்றறுபது நாள் வேண்டும். அத்தனை நாளும் மின்சாரம் தடைபடாமல் இருக்குமா என்று உங்கள் ஊர்த் துணைமின் நிலையத்தைக் கேட்டால்தான் தெரியும். நான்கு மணி நேரம் மின்சாரம் நின்றாலே வெற்றிடம் போய், பனி உருகி, அந்த நீர் தோல்வழியே கசிந்து மயிரைக் கழற்றிவிடும்.

இன்னொன்று. ஆய்வகங்கள் நுண்ணுயிர்களை ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருப்பதற்கே இந்த இயந்திரத்தைப் பயன்படுத்துகின்றன. உறைய வைத்து உலர்த்தினால் கிருமி செத்துவிடும் என்று எண்ணிக் கையுறை இல்லாமல் எலியைத் தொடாதீர்கள். அதே இயந்திரத்தில் தங்கள் நுண்ணுயிர் வளர்ப்புகளை உலர்த்துகிற துறைத் தலைவரிடம், அதில் செத்த எலியை வைக்கப் போகிறோம் என்ற செய்தியை யாராவது சொன்னீர்களா?

கோட்டோவியன் எழுதியது:

நான் விலங்குகளை வரைபவன். பாட நூல்களுக்குப் படம் வரைந்து பிழைக்கிறேன். பேழைக்காப்பாளர் ஐயாவின் கருத்தோடு மரியாதையுடன் மாறுபடுகிறேன்.

பழைய அலமாரிகளில் உள்ள சிறு விலங்குகளைப் பார்த்து வரைந்து, பிறகு உயிருள்ள விலங்கைப் பார்த்து வெட்கப்பட்ட அனுபவம் எனக்குப் பலமுறை உண்டு. பெரிய விலங்கைப் பாடம் செய்பவர் தொடையின் தசையைக் களிமண்ணில் வடித்துவிடலாம். கட்டைவிரல் அளவே உள்ள எலி முகத்தில், மீசை மயிர் முளைக்கும் மேட்டையும் கண்ணைச் சுற்றிய மெல்லிய மடிப்பையும் யார் வடிப்பது? தேர்ந்த கைவினைஞர் வடிப்பார். அவர் எங்கே இருக்கிறார்? முதன்முறையாகக் கத்தி பிடிக்கும் ஆசிரியர் தோலுரித்துப் பஞ்சடைத்தால் வருவது வால் வைத்த தலையணை. மாணவன் அதைத்தான் எலி என்று கற்பான். எலியின் வாலைத் தோலுரிப்பதே தனிக் கலை; உறைபோல ஒரே இழுப்பில் வர வேண்டும், வராவிட்டால் பிய்ந்துவிடும். பாதத்தின் அடியில் உள்ள திண்டுகளும் விரல் மடிப்புகளும் சாதாரணமாகக் காயும்போது வற்றிக் குச்சியாகிவிடும். உறைய வைத்து உலர்த்தினால் இவை அனைத்தும் இருந்த இடத்தில் இருந்தபடியே நிற்கும்.

இருபது ஆண்டு நிற்கும் தவறான எலியைவிட ஐந்து ஆண்டு நிற்கும் சரியான எலி ஒரு கல்லூரிக்கு மேலானது என்பது என் எண்ணம். எலி கிடைப்பது அரிதா என்ன? புழு தின்றால் இன்னொன்று செய்துகொள்ளலாம்.

ஒஹாயோ வாசி எழுதியது:

இங்கே, அமெரிக்காவில், பொழுதுபோக்காகப் பாடம் செய்யக் கற்றுக்கொண்டவள் நான். ஒரு விலங்குக்கு ஒரு முறை என்று முடிவு கட்ட வேண்டியதில்லை என்பதைச் சொல்லவே எழுதுகிறேன். வான்கோழியைப் பாடம் செய்பவர்கள் பலர் உடலைத் தோலுரித்துப் பழைய முறையில் செய்துவிட்டு, தலையை மட்டும் உறைய வைத்து உலர்த்திப் பொருத்துவார்கள். ஏனெனில் அந்தத் தலை இறகில்லாத, சதை மடிப்பும் தாடியும் தொங்கும் தலை, சாதாரணமாகக் காயவிட்டால் பாதியாகச் சுருங்கிவிடும். நம் ஊர்ச் சேவலின் கொண்டைக்கும் இதுவே பொருந்தும். செல்லப் பிராணிகளை இங்குப் பெரும்பாலும் உறைய வைத்தே உலர்த்துகிறார்கள். கடையில் கிடைக்கும் அச்சு எந்தப் பூனைக்கும் பொருந்தலாம், ஆனால் வீட்டுக்காரருக்குத் தம் பூனையின் முகம்தான் வேண்டும். அதற்காகப் பல மாதங்கள் காத்திருக்கவும் அவர்கள் தயார்.

நான் பயிற்சி பெற்ற கூடத்தில் நடந்ததையும் சொல்கிறேன். ஓர் அணில் இரண்டு வாரத்தில் கல்லாகிவிட்டது, தட்டினால் ஓசை வருகிறது என்று வெளியே எடுத்துவிட்டோம். வெளி அரை அங்குலம் மட்டுமே காய்ந்திருந்தது. நடுவில் பனி அப்படியே இருந்திருக்கிறது. கோடையில் நான்காவது நாள் அந்த அறையில் நிற்க முடியவில்லை. கண்ணும் கையும் பொய் சொல்லும், தராசு சொல்லாது. வைக்கும் முன் எடை போடுங்கள், வாரம் ஒருமுறை விரைவாக எடுத்து எடை போட்டு உடனே திருப்பி வையுங்கள், அடுத்தடுத்த இரண்டு வாரம் எடை ஒரு கிராமும் குறையாமல் நின்றால்தான் காய்ந்துவிட்டது என்று பொருள்.

உறைய வைக்கும் முன் செய்ய வேண்டியவையும் உண்டு. வயிற்றைச் சிறிதாகக் கீறிக் குடலை முழுதும் எடுத்துவிட்டுப் பஞ்சு வைத்துத் தைத்துவிடுங்கள். தோலுக்கடியில் கைக்கு எட்டும் கொழுப்பையெல்லாம் சுரண்டி எடுங்கள். பிறந்த அன்றே இறந்த குஞ்சின் வயிற்றுக்குள் கரையாத மஞ்சள் கரு எஞ்சியிருக்கும். அது முழுக்கக் கொழுப்பு, மறந்துவிடாதீர்கள். விழியில் பெரும்பங்கு நீர் என்பதால் அது உள்ளே குழிந்துவிடும். எடுத்துவிட்டுக் கண்ணாடிக் கண் வையுங்கள், எலிக்கும் குஞ்சுக்கும் கறுப்பு மணியே போதும். காலுக்குள் கம்பி செலுத்தி, அட்டையாலும் குண்டூசியாலும் காதையும் விரலையும் நிலைநிறுத்திய பிறகு உறைய வையுங்கள். உறைந்த பின் தலையை இப்படித் திருப்பியிருக்கலாமே என்று நினைப்பதில் பயனில்லை. பழைய முறையில் தோல் காயும்வரை இரண்டு மூன்று நாள் அதற்கு இடம் உண்டு.

பேழைக்காப்பாளர் எழுதியது:

கோட்டோவியன் அவர்கள் எலியைப் பற்றிச் சொன்னதை ஏற்கிறேன். மீண்டும் எளிதில் கிடைக்கும் மாதிரிக்கும், ஒன்றே ஒன்றாக உள்ள மாதிரிக்கும் ஒரே அளவுகோலை வைத்தது என் தவறு. அருங்காட்சியகத்தில் இருந்தவனுக்கு எல்லாமே ஒன்றே ஒன்றாகத்தான் தோன்றும். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் வளர்த்த கிரிப் என்ற அண்டங்காக்கை 1841இல் இறந்தது. பாடம் செய்த அதன் உருவத்தை இன்றும் ஃபிலடெல்ஃபியாவின் பொது நூலகத்தில் பார்க்கலாம். அந்த வயது நம் கல்லூரி எலிக்கு வேண்டாம்தான்.

ஆனால் பழைய உருவங்கள் அத்தனை காலம் நின்றதற்கு வேறொரு காரணமும் உண்டு என்பதால் ஓர் எச்சரிக்கை. பிரான்ஸின் மெட்ஸ் நகரைச் சேர்ந்த பெக்கூர் 18ஆம் நூற்றாண்டில் ஆர்செனிக் கலந்த சவர்க்காரம் ஒன்றைச் செய்தார். தோலின் உட்புறம் அதைப் பூசினால் எந்தப் பூச்சியும் அண்டாது. 20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிவரை உலகெங்கும் அது புழங்கியது. நம் வைத்தியர்கள் பாஷாணம் என்று சொல்லும் அதே நஞ்சுதான். உங்கள் அலமாரியில் உள்ள அறுபது ஆண்டுப் பழைய உருவங்களில் அது இல்லை என்று நிறுவப்படும்வரை இருப்பதாகவே கொள்ளுங்கள். காது தேய்ந்த அந்த உருவத்தை மாணவர்களைக் கொண்டு துடைக்கவோ, தையலைப் பிரித்துப் பார்க்கவோ செய்யாதீர்கள். இடம் மாற்றுவதாக இருந்தால் கையுறையும் முகக்கவசமும் அணிந்து மாற்றுங்கள்.

புதிதாகச் செய்பவற்றுக்கு நஞ்சு வேண்டாம், குளிர் போதும். பாலித்தீன் பையில் காற்றில்லாமல் கட்டி, மைனஸ் 18 அல்லது 20 டிகிரியில் இரண்டு வாரம் வைத்தால் வண்டும் முட்டையும் செத்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரித்துவிடாமல், அறையின் சூட்டுக்கு வரும்வரை ஒரு நாள் காத்திருங்கள். இல்லாவிட்டால் காற்றின் ஈரம் முழுதும் இறகின்மேல் நீராகப் படியும். அதன் பிறகு, விளிம்புகளை அடைத்த கண்ணாடிப் பேழையும் உள்ளே சிலிகா ஜெல்லும் வையுங்கள். நாப்தலீன் உருண்டைகளை நம்பிப் பேழையைத் திறந்து போட்டுவைத்த அலமாரிகளின் கதி எனக்குத் தெரியும்.

ஆம்பூர்த் தோல்காரர் எழுதியது:

முயல் தோலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே என்று வந்தேன். மூன்று தலைமுறையாகத் தோல் ஷாப்பு (தோல் பதனிடும் கூடம்) நடத்திய குடும்பம் எங்களுடையது. ஆட்டுத் தோலில் பழகிய கைக்கு முயல் தோல் நனைந்த காகிதம். முதுகில் கிழிவது தெரியும், விலாவில் கிழிவது கையை எடுத்த பிறகுதான் தெரியும். ஆகவே கத்தியை அதிகம் பயன்படுத்தாமல், விரலாலும் மழுங்கிய கரண்டிக் காம்பாலும் தோலைச் சதையிலிருந்து தள்ளித் தள்ளிப் பிரியுங்கள். உரித்த உடனே உட்புறம் உப்பைத் தடவுங்கள். இறந்த உடல் உறைபெட்டிக்குப் போவதற்கு முன் எத்தனை மணி நேரம் வெளியே கிடந்தது என்பதுதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கும். வயிற்றுப் பக்க மயிரை மெல்ல இழுத்துப் பாருங்கள், கொத்தாகக் கையோடு வந்தால் அந்தத் தோலில் மேற்கொண்டு உழைக்காதீர்கள்.

பதனிட எங்கள் பக்கத்து ஆவாரம்பட்டையை யாராவது சொல்லக்கூடும். அது நல்ல தோலைத் தரும், ஆனால் மஞ்சள் பழுப்பு நிறம் ஏற்றிவிடும். வெள்ளை முயலுக்கு ஆகாது. குரோமியம் நீலம் பாய்ச்சும், கழிவை எங்கே ஊற்றுவது என்ற கேள்வியும் எழும். படிகாரமும் அதன் எடையில் பாதி உப்புமே உங்களுக்குப் போதும். தோல் வெண்மையாக இருக்கும். ஆனால் படிகாரம் ஏற்றிய தோல் பிறகு நனைந்தால் படிகாரம் கழுவிப்போய் மீண்டும் பச்சைத்தோலாகிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். கூரை ஒழுகும் அறையில் வைக்காதீர்கள். காதுதான் கடினம். காதின் தோலைக் குருத்தெலும்பிலிருந்து நுனிவரை பிரித்து, உள்ளே அதே வடிவத்தில் மெல்லிய தகடு வெட்டி வைக்காவிட்டால் காயும்போது காய்ந்த வாழையிலைபோலச் சுருண்டுவிடும்.

நெய்தல் ஆசிரியர் எழுதியது:

இத்தனை விரிவாக எழுதிய அனைவருக்கும் நன்றி. வெற்றிடக்காரன் கேட்ட கேள்வியை நேற்றுத்தான் அந்தத் துறைத் தலைவரிடம் கேட்டேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, எட்டு வாரம் தருகிறேன், முடிந்ததும் வெற்றிட பம்பின் எண்ணெயை நீங்களே மாற்றி, கூண்டைக் கிருமிநாசினியால் துடைத்துத் தர வேண்டும் என்றார். இயந்திரம் ஜெனரேட்டர் இணைப்பில் இருக்கிறது. குளிரூட்டப்படாத கூண்டுதான், ஆகவே முயல் அந்த வழியில் போகாது என்பது உறுதியாகிவிட்டது.

இரண்டு ஐயங்கள். வீட்டு ஃப்ரிஜ்ஜின் உறைபெட்டியிலேயே மாதக்கணக்கில் திறந்து வைத்தால் தானே காய்ந்துவிடும் என்று ஒரு மாணவர் சொல்கிறார், உண்மையா? மற்றொரு மாணவி, விடுதி வாசலில் செத்துக் கிடந்த பச்சைக்கிளியைப் பையில் போட்டுக் கொண்டுவந்திருக்கிறார். அதையும் சேர்த்துக்கொள்ளலாமா?

வெற்றிடக்காரன் எழுதியது:

முதல் ஐயத்துக்கு: உண்மைதான், ஆனால் பனி படியாத வகை உறைபெட்டியில் மட்டும். அது உள்ளிருக்கும் காற்றை ஓயாமல் உலர்த்திக்கொண்டே இருப்பதால் வெற்றிடம் இல்லாமலே பனி மெல்ல மெல்ல ஆவியாகும். சரியாகக் கட்டாத இறைச்சி அதில் வறண்டு நிறம் மாறுவதும் இதனால்தான். குஞ்சு அளவுள்ள உடலுக்கு ஆறு மாதமோ அதற்கு மேலோ ஆகலாம். மீன் வைக்கும் அதே பெட்டியில் செய்யாதீர்கள். எட்டு வாரம் இயந்திரம் கிடைத்திருக்கும்போது உங்களுக்கு இது தேவையும் இல்லை. மறுபக்கம், பழைய முறைக்காக வைத்திருக்கும் காடைகளை அந்த வகைப் பெட்டியில் கட்டாமல் விட்டால் கால்களும் அலகின் ஓரமும் உங்களைக் கேட்காமலே காய்ந்துவிடும். இன்றே இறுகக் கட்டுங்கள்.

பேழைக்காப்பாளர் எழுதியது:

கிளி வேண்டாம். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி, பாதுகாக்கப்பட்ட காட்டுயிர் தானாக இறந்து கிடந்தாலும் அது அரசின் உடைமை. உரிமம் இல்லாமல் அதைப் பாடம் செய்வதும் குற்றம். கல்விக்காக என்ற காரணம் தானாகவே விலக்கு ஆகிவிடாது. வனச்சரக அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவித்து ஒப்படையுங்கள். அந்த மாணவியைக் கடிந்துகொள்ள வேண்டாம். ஆனால் கையை நன்றாகக் கழுவச் சொல்லுங்கள், கிளிகளிடமிருந்து மனிதருக்குத் தொற்றும் காய்ச்சல் உண்டு.

காடைக்கு ஒரு குறிப்பு: பண்ணைக் காடையின் தோல் மெல்லியது, அதற்கடியில் மஞ்சள் கொழுப்பு திரண்டிருக்கும். உரித்த தோலைப் பாத்திரம் கழுவும் திரவ சோப்பில் இரண்டு மூன்று முறை அலசி, கொழுப்பு முழுதும் போன பிறகு, துணியில் ஒற்றி, தலைமுடி உலர்த்தும் கருவியால் இறகு பொசுபொசுவென்று நிமிரும்வரை காற்றடித்து, உட்புறம் வெண்காரம் தடவுங்கள். முதல் காடை வீணாகும். இரண்டாவதும் வீணாகலாம். நான்கு வைத்திருப்பது நல்லதாயிற்று.

நெய்தல் ஆசிரியர் எழுதியது:

பதினோரு வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். கிளியை ஒப்படைத்துவிட்டோம்.

மஞ்சள் கருவை எடுத்த பின் 35 கிராம் இருந்த குஞ்சு, பதின்மூன்றாம் நாள் 9 கிராமில் நின்றது, மற்றதும் அப்படியே. உயிரோடு இருக்கும் குஞ்சு என்று நினைத்து அலுவலக உதவியாளர் தானியம் வேண்டுமா என்று கேட்டார். எலி ஒன்றைக் குடல் நீக்கி 268 கிராமில் வைத்தோம். முதல் வாரமே 70 கிராம் குறைந்தது. நான்காம் வாரத்துக்குப் பின் எடை மிக மெதுவாகவே குறைந்ததால் முடிந்தது என்று எடுத்துவிடத் துடித்தார்கள். ஒஹாயோ வாசி அம்மாவின் அணிலை நினைவூட்டித் தடுத்தேன். ஏழாம் வாரமும் எட்டாம் வாரமும் 91 கிராம். முகத்தைப் பற்றிக் கோட்டோவியன் சொன்னது ஓர் எழுத்தும் பொய்யில்லை. ஆனால் கழுத்தின் கீழ்ப்பக்கம், நாங்கள் கொழுப்பைச் சரியாகச் சுரண்டாத இடத்தில், மயிர் இப்போதே சற்று மங்கலாக ஈரம்பட்டதுபோல் தெரிகிறது.

காடைகளில் இரண்டு கிழிந்தன. மூன்றாவது நிற்கிறது, கழுத்து சற்று நீளம். நான்காவது நன்றாக வந்திருக்கிறது. முயலின் வயிற்று மயிர் கழலவில்லை. தோல் படிகார நீரில் இருக்கிறது. காதுக்கு வெட்டிய தகட்டை மூன்றுமுறை மாற்றிவிட்டேன். இரண்டாவது எலியைத் தோலுரித்துப் பழைய முறையில் செய்து, உலர்த்திய எலியின் பக்கத்திலேயே வைக்கலாம் என்று எண்ணம். கோட்டோவியன் தலையணை என்று சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: வால் நடுவில் பிய்ந்து, நூலால் ஒட்டுப்போட்டிருக்கிறேன்.

கோட்டோவியன் எழுதியது:

இரண்டையும் ஒரே பேழையில், ஒரே வெளிச்சத்தில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை வந்து இரண்டையும் வரைந்து தருகிறேன். பயணச் செலவு என்னுடையது.

பேழைக்காப்பாளர் எழுதியது:

ஒரே பேழையில் வேண்டாம். உலர்த்திய எலிக்குப் புழு வந்தால் ஒரே வாரத்தில் மற்றதற்கும் வரும். அடுத்தடுத்த இரண்டு பேழைகளில் வைத்து, ஒவ்வொன்றின் மூலையிலும் ஒட்டும் அட்டை ஒன்று போட்டு, மாதம் ஒருமுறை பாருங்கள். கழுத்தில் மங்கலாகத் தெரியும் இடத்தை இப்போது தொடாதீர்கள். வெள்ளை ஒற்றுத்தாளை மேலே வைத்து எடுத்துப் பாருங்கள், எண்ணெய்க் கறை விழுந்தால் அது கொழுப்புதான்.

பெயர்ச்சீட்டின் பின்புறத்தில், செய்த நாளையும் எந்த முறை என்பதையும், வெண்காரம், படிகாரம் என்று உள்ளே சேர்த்த ஒவ்வொன்றையும் எழுதிவையுங்கள். உங்கள் துறையின் பழைய உருவங்களில் யாரும் அதை எழுதிவைக்காததால்தான் அவற்றை நாம் இன்று கையுறையோடு தூக்க வேண்டியிருக்கிறது.